மூன்றாம் வால்வின் சத்தம்

சித்தி சர்க்கரை எடுத்தால் எடுத்த தடம் இருக்காது. கரண்டி விழுந்த பள்ளம் தெரியக்கூடாதென்று, டப்பாவை மூடுவதற்கு முன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமன் செய்துவிடுவாள். செய்தித்தாளைப் படித்தால் வந்த மடிப்பிலேயே மடித்து வைப்பாள். எங்கள் வீட்டில் வந்து தங்கினால், காலையில் பாயும் போர்வையும் யாரும் படுக்காத மாதிரி சுவரோரம் இருக்கும். சீப்பில் ஒரு முடி மிச்சமிருக்காது.

"உன் தங்கச்சி வந்துட்டுப் போனாளா இல்லியான்னு செவுத்தத்தான் கேக்கணும்," என்று அப்பா அம்மாவைச் சீண்டுவார்.

அம்மாவுக்கு அதில் பெருமைதான். "அவ கை அப்படி. ஊசி போட்டாக்கூட போட்ட எடம் தெரியாது."

அது உண்மை. கல்யாணத்துக்கு முன்னால் சித்தி விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். குழந்தைகள் அவளிடம்தான் ஊசி போட்டுக்கொள்வோம் என்று அடம்பிடிக்குமாம். அங்கே இருந்த ஒரு சிஸ்டர் அவளுக்கு ஆஸ்பத்திரி வேனை ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். டிரைவர் வராத நாட்களில் கண்டமங்கலம், திருவெண்ணெய்நல்லூர் என்று ஊர் ஊராக மருத்துவ முகாமுக்கு வேனை எடுத்துக்கொண்டு போனது சித்திதான். நான் பிறந்த சமயத்துக் கதை இது. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் சித்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

கல்யாணம் ஆனதும் வேலையை விட்டாள். வண்டி ஓட்டுவதையும் விட்டாள். "நம்ம வூட்ல பொம்பளைங்க வண்டி ஓட்ற பழக்கம் கெடையாதும்மா," என்று சித்தப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கோபமாகச் சொல்கிறவரிடம் எதிர்த்துப் பேச ஒரு பிடி கிடைக்கும். சித்தப்பாவிடம் அது கிடைக்காது.

சித்தப்பா துபாயில் ஒரு பட்டறையில் மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பாதையில், ஊர் முடிந்து, கடைகள் முடிந்து, மல்லாட்டைக் கொல்லைகள், அதாவது வேர்க்கடலை வயல்கள், ஆரம்பிக்கிற இடத்தில் தனியாக ஒரு வீடு கட்டியிருந்தார். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. குழந்தைகளும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட். ஷெட்டுக்குள் ஒரு அம்பாசிடர்.

அந்தக் காரைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். கரும்பச்சை நிறம், கூரை மட்டும் வெள்ளை. அகலமான டயர். ஒன்றுக்கு இரண்டாகக் கார்புரேட்டர். என்ஜினின் தலையைக் கழற்றிக் கொஞ்சம் இழைத்து, அழுத்தத்தை ஏற்றியிருந்தார். போதாக்குறைக்கு டிக்கியில் சமையல் சிலிண்டர் வைத்துக் கேஸிலும் ஓடும்படி மாற்றியிருந்தார். அந்தக் காலத்தில் பாதி ஊர் அப்படித்தான் ஓடியது. ஆனால் இழைத்த என்ஜினைக் கேஸில் ஓட்டிய ஆள் எங்கள் பக்கம் இவர் ஒருவர்தான். "இந்த மாதிரி வண்டி இந்த ரோட்ல இன்னொண்ணு காட்டு, நான் மீசைய எடுத்துடறேன்," என்பார்.

நான் அப்போது மயிலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிகல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். அங்கே எந்த என்ஜினையும் தொடவிடமாட்டார்கள். தள்ளி நின்று பார்க்கலாம், படம் வரையலாம். அதனால் சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும், விழுப்புரம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்த் திசையில் சித்தி வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன். அம்மாவிடம் சித்திக்குத் துணைக்கு என்று சொல்வேன். உண்மையில் காருக்குத் துணைக்கு.

சித்தி வீட்டில் எனக்கு ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. சமையலறையில் கேஸ் அடுப்பு கண்ணாடி போல மின்னும். சமைப்பதோ பின்பக்கம் மூன்று கல் வைத்து, சவுக்கு விறகில். கண்ணெல்லாம் புகை.

"துபாய்க்காரன் பொண்டாட்டி வெறகுல பொங்கறா. கஞ்சம்னாலும் இப்படியா?" என்று அப்பா சிரிப்பார்.

"வெறகுல ஆக்கினாத்தான் சோறு ருசி," என்பாள் சித்தி. அவள் குழம்பில் ருசியைவிடப் புகைதான் தூக்கலாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு ரத்தாகி, காலையிலேயே போய் இறங்கினேன். ஷெட் கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். சித்தப்பாவின் பழைய சட்டையை நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, சித்தி பானெட்டுக்குள் குனிந்திருந்தாள். என்ஜினின் மேல்மூடி கழற்றித் தனியாகச் செய்தித்தாளின் மேல் இருந்தது.

"இன்னா சித்தி, வண்டிய பிரிச்சுப் போட்டுக்கினு?"

துள்ளிவிட்டாள். "ஏய்! சொல்லிட்டு வரமாட்டியா? சும்மா... தூசு தட்டிக்கினு இருக்கேன்."

"டேப்பெட் கவரத் தொறந்தா தூசு தட்டுவாங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் நான் பையை வீசிவிட்டு உள்ளே நுழைந்துவிட்டேன். எனக்கு அது திருவிழா. எட்டு வால்வுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ராக்கர், அதாவது வால்வைத் தட்டித் திறக்கிற சின்ன இரும்புக் கை. அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் 'டிக் டிக்' என்று தட்டும். குறைந்துபோனால் வால்வு முழுசாக மூடாமல் நெருப்பில் வெந்துபோகும். அந்த இடைவெளியை அளக்கத்தான் பீலர் கேஜ் என்கிற மெல்லிய தகடுகளின் கொத்து. இந்த என்ஜினுக்குப் பதினைந்து என்று எண் போட்ட தகடு, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி லேசாக இழுபட்டுப் போக வேண்டும்.

"நான் ஹேண்டில் சுத்தறேன் சித்தி. ஒம்பது கணக்கு தெரியுமா உனக்கு?"

"எட்டு தொறந்தா ஒண்ண அளக்கணும், ஏழு தொறந்தா ரெண்ட. கூட்டினா ஒம்பது வரணும். இத்தினி வருசமா அவருக்கு வெளக்குப் பிடிச்சுக்கினு நின்னவ நான். தெரியாதா?"

பிளக்குகளைக் கழற்றியிருந்ததால் ஹேண்டில் லேசாகச் சுற்றியது. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்ததும் நிறுத்தினேன். ஓடி வந்து கேஜை அவள் கையிலிருந்து பிடுங்கி, முதல் வால்வில் பதினைந்தை விட்டுப் பார்த்தேன். போகவில்லை. பன்னிரண்டு போகவில்லை. பத்து முக்கி முனகிப் போனது. இரண்டாவதும் அப்படித்தான்.

கேஸில் ஓடுகிற என்ஜினில் வால்வு உட்காருகிற இடம் சீக்கிரம் தேயும். தேயத் தேய வால்வு உள்ளே இறங்கி, இடைவெளி தானாகக் குறையும். அந்த வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் அதற்கு என்ஜின் ரோட்டில் இழுக்க வேண்டும், சூடேற வேண்டும். ஷெட்டில் நின்றபடி, பேட்டரி இறங்காமலிருக்க ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் முனகுகிற என்ஜின் இவ்வளவு தேயாது.

"சித்தி, வண்டிய ஓட்டறே நீ."

"யாரு சொன்னது?"

"வால்வு."

சித்தி கையைத் துண்டில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவள் முகத்தில் நான் பார்த்தது வெட்கமில்லை, பயம்.

"உனக்குத் தெரியுதுன்னா அவருக்கும் தெரியும் இல்ல?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக விழுந்தது. ஒரு லீவில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சித்தப்பா அப்பாவிடம் சொன்னார்: "மீட்டர் கேபிளக் கழட்டிட்டு எவன் வேணா ஓட்டலாம் சகலை. வால்வ ஏமாத்த முடியாது. நான் போறப்போ டேப்பெட் எடைவெளி வச்சுட்டுப் போவேன். வந்ததும் அளப்பேன். வண்டி ஷெட்ட வுட்டு நகந்துச்சா இல்லியான்னு அது சொல்லிடும்." அன்றைக்கு எல்லோரும் அவர் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிச் சிரித்தோம். யாருக்காக அந்தப் பூட்டு என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பூட்டைத்தான் சித்தி திறந்துகொண்டிருந்தாள். விறகு எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. அடுப்புக்குப் போக வேண்டிய கேஸ் வண்டிக்குப் போனது.

ஒவ்வொன்றாகப் பதினைந்துக்கு வைத்துக்கொண்டே வந்தோம். மூன்றாம் வால்வு மட்டும் வேறு மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் இறுகியிருக்க, இதில் இருபது எண் தகடு தாராளமாகப் போய்வந்தது.

"இது தப்பா இருக்கு சித்தி," என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன்.

என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஊசி போடுகிற கை. வலித்தது.

"அதத் தொடாதே. அது அவரு வச்சது."

"இன்னா?"

"வேணும்னே ஒண்ண மட்டும் தளர விட்டுட்டுப் போறாரு. எவனாவது சரி பண்ணி வச்சா எட்டையும் ஒரே மாதிரி வைப்பான் இல்ல? அப்ப மாட்டிக்குவான். போன லீவு முடிஞ்சு கெளம்பற அன்னிக்கி என்னை வெளக்குப் பிடிக்க வேணாம்னாரு. அப்பவே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அவரு போனதும் தொறந்து அளந்து பாத்தேன். இருபத்தஞ்சு."

பதினைந்தையும் பத்தையும் சேர்த்துப் பிடித்து, மூன்றாம் வால்வை அந்த இருபத்தைந்துக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். சர்க்கரை டப்பாவைத் தட்டுகிற அதே நிதானம். மூடியைப் போட்டு, அதன் மேல் விழுந்திருந்த தன் விரல் தடத்தைத் துடைத்தாள். துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஷெட் மூலையிலிருந்து புழுதியை எடுத்து லேசாக ஊதிவிட்டாள்.

நான் எழுந்து நின்று கை தட்டலாமா என்று பார்த்தேன். தட்டாமல், கேஜைத் துடைத்து உறையில் போட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது. வாராவாரம் வரும். புதிதாக வாங்கித் தந்திருந்த கைபேசி, செங்கல் கனம். சித்தி அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் வண்டியைக் கிளப்பி, பானெட்டைத் திறந்து, போனின் ஒலிபெருக்கியைப் போட்டு என்ஜினருகே நீட்டினாள். துபாயிலிருந்து சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிட்ட காட்டு. இன்னும் கொஞ்சம்."

என்ஜின் ஓடியது. அதற்கு நடுவே ஒரே ஒரு சத்தம் மட்டும் தனியாக, 'டிக் டிக் டிக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் வால்வு.

"ம். நல்லா கீது. அணைச்சுடு," என்றார் சித்தப்பா. பிறகு, "சாப்டியா?"

அந்தச் சத்தத்தை அதற்கப்புறம் என்னால் மறக்க முடியவில்லை. அவர் கடல் தாண்டி இருந்தாலும், அந்த ஷெட்டுக்குள் உட்கார்ந்து விரலால் தட்டிக்கொண்டேயிருந்தார்.

ஒரு முறை சித்தியோடு போனேன். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, முதல் கியர் போட்டாள் பாருங்கள், அந்த முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான்கு வழிச்சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். செம்மண் புழுதியும் கரும்பு லாரிகளும். லாரிக்குப் பின்னால் பொறுத்திருந்து, எதிரே வழி பார்த்து, ஒரே இழுப்பில் தாண்டினாள். நான் கத்தினேன், கும்மாளத்தில்.

"எங்க சித்தி போறோம்?"

"திரும்பற எடம் வரைக்கும்."

மயிலம் போகிற கூட்ரோட்டில் வண்டி மெதுவாகும்போதே ஒரு பெண் கூடையோடு ஓடிவந்தாள். அவித்த மல்லாட்டை விற்கிறவள். "யக்கா! இன்னா போன வாரம் காணோம்? சூடா கீது, புடி." காசை வாங்கிக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். "பொண்ணா?" "அக்கா பொண்ணு." "அக்கா மாதிரி வண்டி ஓட்டக் கத்துக்கோ பாப்பா. நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன், எங்க ரோட்ல ஒரு அக்கா ராணி மாதிரி வருதுன்னு." சித்தி சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

திரும்புகிற இடம் எது என்று பிறகுதான் தெரிந்தது. விழுப்புரத்துக்கு முன்னால், அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கேட். வேகத்தைக் குறைத்து, உள்ளே ஒரு பார்வை பார்த்து, வண்டியைத் திருப்பினாள்.

"உள்ள போலாமே சித்தி."

"போனா யாராவது பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க."

"கூப்பிட்டா?"

கியரை மாற்றினாள். நான் விடவில்லை. "நானா இருந்தா இப்படியே சென்னைக்குப் போயிருப்பேன்."

"போயி?" என்றாள்.

நான் மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலை ஆரம்பித்தது. டயரில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவி, ஷெட்டின் பழைய புழுதியைப் பூசினாள். மல்லாட்டைத் தோலைப் பையோடு எடுத்துப்போய் விறகடுப்பில் போட்டாள். கேபிளை மாட்டினாள். நான் உட்கார்ந்திருந்த சீட்டைத் தட்டி உப்பவைத்தாள். வெளியே போய்வர ஆன நேரத்தைவிட, வெளியே போகாதவளாக மாற அவளுக்கு அதிக நேரம் ஆனது.

அந்த வருஷம் சித்தப்பா லீவில் வந்தார். வந்த மறுநாள் காலை வண்டியைக் கிளப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டார். மூடியைக் கழற்றினார். நான்தான் ஹேண்டில் சுற்றினேன். ஒன்று, இரண்டு, பதினைந்து சரியாகப் போனது. மூன்றாவதில் யாரும் பார்க்காத மாதிரி இரண்டு தகடுகளைச் சேர்த்து விட்டார். போனது. முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா பாப்பா? வச்சது வச்சபடி கீது. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்."

சித்தி டம்ளரை நீட்டினாள். அவர் அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.

அந்தக் குஷியில் எங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பினார். அவர் ஓட்ட, சித்தி பக்கத்தில், நான் பின்னால். கூட்ரோடு நெருங்க நெருங்க நான் சீட்டில் சரிந்து உட்கார்ந்தேன். சித்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வண்டியை மறைக்க முடியுமா? கரும்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. தூரத்திலேயே பார்த்துவிட்டு அந்த மல்லாட்டைக்காரி கூடையோடு ஓடி வந்தாள். ஓட்டுகிறவர் பக்கத்து ஜன்னலில் நேராகப் பொட்டலத்தை நீட்டினாள்.

"யக்கா, இன்னா ரொம்ப நாளா..."

மீசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாரு அக்கா?" என்றார் சித்தப்பா.

அவள் கண் அவரைத் தாண்டிச் சித்திமேல் ஒரு நொடி விழுந்தது. அவ்வளவுதான். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"காரப் பாத்து ஆள் மாறிக் கூப்ட்டுட்டேன்ண்ணா."

"இந்தக் காரு மாதிரி இன்னொண்ணு கீதா இந்த ரோட்ல?" சித்தப்பா சிரித்தார். ஆனால் கேள்வி சிரிக்கவில்லை. "இந்தம்மாவப் பாத்துகிறியா நீ?"

"அய்யய்யோ, இல்லீங்கண்ணா. இவங்கள நான் பாத்ததே இல்ல. மாதா சத்தியமா." கழுத்தில் மாதா படம் இல்லை, மாரியம்மன் டாலர்தான் இருந்தது. சித்தியின் கழுத்துச் செயினில் தொங்கிய மாதா டாலரைப் பார்த்துச் சத்தியத்தை மாற்றிக்கொண்டாள், பாவம்.

சித்தப்பா இரண்டு பொட்டலம் வாங்கினார். வழியெல்லாம் தின்றுகொண்டே வந்தார். தப்பித்தோம் என்று நான் பின்சீட்டில் சாய்ந்தேன். சித்தி மடியைப் பார்த்தபடி இருந்தாள்.

எங்கள் வீட்டில் இறங்கியதும் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். நான் பின்னாலேயே போனேன். "சூப்பர் சித்தி, அந்தம்மா செம ஆளு! எப்படிக் காப்பாத்திச்சு பாத்தியா?"

தண்ணீர் சொட்டும் முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"பாத்ததே இல்லன்னு எவ்ளோ சுளுவா சொல்லிட்டா பாரு," என்றாள். "அந்த ரோட்ல என்னைப் பாத்தது அவ ஒருத்திதான்."

சித்தப்பா கிளம்பினார். இந்த முறையும் விளக்குப் பிடிக்கச் சித்தியைக் கூப்பிடவில்லை. அவர் போனதும் சித்தி அளந்தாள். மூன்றாவது, இருபத்தைந்து.

பல மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு. வழக்கம் போல எட்டையும் அளந்து வைத்துக்கொண்டிருந்தோம். வழக்கம் போலவே இறுகியிருந்தன. மூன்றாவதுக்கு வந்தோம். நான் பதினைந்தையும் பத்தையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தேன். சித்தி பத்தைப் பிரித்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதினைந்தை மட்டும் விட்டாள். ஸ்க்ரூவைத் திருகினாள். நட்டை இறுக்கினாள்.

"சித்தி. அது அவரு வச்சது."

"தெரியும்."

மூடியைப் போட்டாள். விரல் தடத்தைத் துடைக்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. போனின் ஒலிபெருக்கியைப் போட்டு என்ஜின் மேல் வைத்தாள். வண்டியைக் கிளப்பினாள். அந்த என்ஜின் அப்படி ஓடி நான் கேட்டதில்லை. பட்டு மாதிரி ஒரே சீராக இருந்தது.

"இன்னா, இன்னும் ஸ்டார்ட் பண்லியா?"

"ஓடிக்கினுதாங்க இருக்கு."

"கிட்ட காட்டு."

"என்ஜின் மேலதான் வச்சிருக்கேன்."

"சத்தம் ஒரு மாதிரி கம்மியா கீதே."

"கம்மியா இருந்தா நல்லதுதானே."

"அதில்ல. ஒரு சத்தம் வருமே."

"எந்தச் சத்தங்க?"

சித்தப்பா என்னவென்று சொல்வார்? நான் வைத்த சத்தம் என்றா? முதல் முறையாக அவரிடம் ஒரு பிடி கிடைத்திருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா, பயமா, இன்றைக்கும் தெரியவில்லை.

"அதான்... வழக்கமா வர்றது."

"நல்ல என்ஜின்ல எதுக்குங்க வழக்கமா சத்தம் வரணும்?"

"இன்னா பேசறே நீ? யாரு தொட்டது வண்டிய?"

"மூணாவதுல தட்டிக்கினு இருந்துச்சே, அதையா கேக்கறீங்க?" சித்தியின் குரல் உயரவில்லை. நோயாளியிடம் பேசுகிற குரல். "அத நான் சரி பண்ணிட்டேன். ஓட்டற வண்டிக்கு அப்படி விட்டா ராக்கர் தேஞ்சுபூடும்."

"ஓட்டற வண்டியா?"

"ஆமாங்க. நாந்தான் ஓட்டறேன்."

லைன் போய்விட்டது. அவர் வைத்தாரா, தானாகப் போனதா தெரியாது. சித்தி என்ஜினை அணைக்கவில்லை. பானெட்டில் இரு கைகளையும் ஊன்றிக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

அந்த வாரமே சித்தப்பாவின் அண்ணன் வந்து சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். விற்றாகிவிட்டது என்றார். சித்தி தடுக்கவில்லை. "கேஸ்ல போவாதீங்க மாமா, சிலிண்டர் தீரப்போவுது," என்று மட்டும் சொன்னாள். ஞாயிறு போன் நிற்கவில்லை. ஆனால் காட்டுவதற்கு என்ஜின் இல்லாததால் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. "சாப்டியா?" "சாப்டேன்." அவ்வளவுதான். வெற்று ஷெட், தனி வீடு, சுற்றிலும் கொல்லை. சமையல் மட்டும் கேஸ் அடுப்புக்கு மாறியது. குழம்பில் புகை இல்லை. எனக்குத்தான் அது இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டு விசேஷத்துக்காகச் சித்தியை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் விழுப்புரம் வந்தேன். கூட்டம். ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. கூட்ரோட்டில் பஸ் நின்றதும் கூடைக்காரிகள் ஜன்னல்களைச் சூழ்ந்தார்கள். நம் ஆளும் இருந்தாள். சித்தி தலையை வெளியே நீட்டினாள்.

"யம்மா, என்னைத் தெரியுதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்தது. உடனே கண் ஓடியது. சித்திக்குப் பக்கத்தில், பின்னால், நின்றுகொண்டிருந்த ஆண்களில் மீசைக்காரர் யார் என்று தேடியது.

"இல்லீங்களே," என்றாள் ஜாக்கிரதையாக. "நான் பாத்ததில்ல."

சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அந்த இரைச்சலை மீறி, அவள் வாயிலிருந்து நான் ஒருபோதும் கேட்டிராத சத்தத்தில் சொன்னாள்.

"நல்லாப் பாரு! பச்சைக் காரு ஓட்டிக்கினு வருவேன் இல்ல? அது நாந்தான்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். மல்லாட்டைக்காரியின் முகம் மெல்ல விரிந்தது. "யக்கா!" என்று கத்தினாள். "வண்டி எங்கக்கா?" அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவள் கூடையோடு ஓடிவந்து, காசு வாங்காமல், ஒரு பொட்டலத்தைச் சித்தியின் மடியில் எறிந்தாள்.

ஆஸ்பத்திரி கேட் வந்தது, போனது. சித்தி ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். தோலெல்லாம் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. இறங்கும்போது, குனிந்து பொறுக்கப்போகிறாள் என்று நான் பையைத் திறந்து பிடித்தேன். அவள் அதைத் தாண்டி நடந்து இறங்கிப் போய்விட்டாள்.